பெயரழிந்த இணைப்புப் பெட்டிகள்

பழம்பொருள் என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவன கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச் சுவடியுமே. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் கடையிலே விற்கப்பட்ட ஒரு கறுப்புப் பெட்டியை எவரும் பழம்பொருள் என்று மதிப்பதில்லை. ஆயினும், ஆயிரம் ஆண்டு கடந்த கல்வெட்டைப் படித்துப் பொருள் கூறுதற்கு அறிஞர் பலர் உளர். நாற்பதே ஆண்டு கடந்த அந்தப் பெட்டியைக் கையிலெடுத்து, இஃது இன்ன கருவி, இன்ன வேலைக்கு ஆனது என்று துணிந்து சொல்ல வல்லார் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பழைய வீட்டுக் கணினிகளோடு இணைக்கப்பட்டு, இன்று பெயரும் பயனும் மறந்துபோன இடைமுகக் கருவிகளை இனங்காணும் வழி யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இந்தப் பொருளிலே என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இலத்திரனியலை நான் பாடமாகக் கற்றவனல்லன் என்பது மெய்யே. ஆனால், சான்றுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஐயத்துக்கு இடமானவற்றை ஐயம் என்றே குறித்து, முடிவு கூறுதல் வரலாற்று மாணவனுக்கும் உரிய தொழிலாகும். பெயரழிந்த ஒரு கருவியை ஆராய்வதற்கு வேண்டுவதிற் பெரும்பகுதி அந்தப் பழக்கமே.

முதலில் வீட்டுக் கணினி என்பதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். 1977ஆம் ஆண்டிலே அப்பிள் 2, கொமடோர் பெற், ரி.ஆர்.எஸ்.-80 என்னும் மூன்று கணினிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிங்கிளேயர் கம்பனி இசட்.எக்ஸ். 81 என்னும் மலிவான சிறு கணினியையும், மறு ஆண்டில் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியையும் வெளியிட்டது. 1982இல் வந்த கொமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 1981இன் இறுதியிலே, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒன்றின் பெயரையே தாங்கி, பி.பி.சி. மைக்ரோ வெளிவந்தது. மக்களுக்குக் கணினி அறிவு ஊட்டும் பொருட்டு பி.பி.சி. நடத்திய நிகழ்ச்சிகளுக்குத் துணையாக ஏக்கோர்ன் கம்பனி அதனைச் செய்தளித்தது.

நமது அயல்நாட்டிலும் இக்கணினிகள் புகுந்தன. 1984ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் கிளாஸ் என்னும் பெயரால் பாடசாலைக் கணினித் திட்டமொன்றைத் தொடங்கியபோது, மாணவர் கையிலே கொடுக்கப்பட்டது பி.பி.சி. மைக்ரோவே. பின்னர் மொகாலியிலுள்ள செமிகொண்டக்டர் கொம்பிளெக்ஸ் நிறுவனம் அதனை யூனிக்கோர்ன் என்ற பெயரிலே இந்தியாவில் ஆக்கியது. இலங்கையிலோ, 1983ஆம் ஆண்டில், கொழும்பிலே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் பீற்றர் ஹையம்ஸுடன் கேப்ரோ என்னும் சிறு கணினியின் வாயிலாகக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். கணினியிலே எழுதிய எழுத்தைத் தொலைபேசிக் கம்பியிலே செல்லத்தக்க ஒலியாக்கி அனுப்பியது மோடம் என்னும் சிறு கருவி. அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

அந்த மோடம் போன்றவற்றையே இடைமுகம் என்கின்றோம். கணினியின் உள்ளே ஓடும் மின்குறிகள் வேகம் மிக்கவை, வலுக் குறைந்தவை. வெளியேயுள்ள அச்சுப்பொறிக்கும் ஒலிநாடாப் பெட்டிக்கும் விளையாட்டுப் பிடிக்கும் வெவ்வேறு தேவைகள் உண்டு. இரு பாலாரையும் நேரே பேசவிட்டால் காரியம் நடவாது. நடுவே நின்று இருவர் மொழியையும் அறிந்து மாற்றிச் சொல்லும் துவிபாஷி ஒருவர் வேண்டும். அந்தத் துவிபாஷியே இடைமுகம்.

இனி, இவை பெயரிழந்தமைக்குக் காரணம் என்ன? ஸ்பெக்ட்ரம் போன்ற கணினிகள் மலிவாக விற்கப்பட்டதனால், பல வசதிகள் அவற்றிலே வைக்கப்படவில்லை. அந்தக் குறையை நிறைக்கச் சிறு சிறு கம்பனிகள் பல தோன்றின. சஞ்சிகையில் விளம்பரம் செய்து தபாலிலே விற்ற அக்கருவிகள் பலவற்றுக்குப் பெயர் ஒரு காகிதத் துண்டிலேயே ஒட்டப்பட்டிருந்தது. சஞ்சிகையில் வெளியான வரைபடத்தைப் பார்த்து வீட்டு மேசையிலே ஈயப்பற்று வைத்துச் செய்துகொண்டவையும் உள. அவற்றுக்குப் பிறவியிலேயே பெயர் இல்லை. சிங்கிளேயர் தன் கணினி வணிகத்தை 1986இல் அம்ஸ்ராட் கம்பனிக்கு விற்றது. கொமடோர் 1994இல் முறிந்தது. பெரியோர் நிலையே இதுவாயின், சிறு கம்பனிகளின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

நம் குடாநாட்டுக்கோ வேறொரு காரணமும் உண்டு. கடல் கடந்து சென்ற உறவினர் கொணர்ந்த பொருள்கள், கொணர்ந்தவர் அருகில் இல்லாமலே நம் வீடுகளிலே தங்கிவிடுகின்றன. அன்றியும், 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே புறப்பட்டபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆராய்வதற்கு எவருக்கும் பொழுது இருக்கவில்லை. திரும்பி வந்தோர் வீடுகளிலே பெட்டி இருந்தால் விளக்க நூல் இல்லை. கம்பி இருந்தால் பெட்டி இல்லை. பொருளும் அதன் வரலாறும் பிரிந்துபோன ஊர் நம் ஊர்.

ஆகவே, ஒருவர் தம் வீட்டுப் பரணிலே உள்ளங்கையளவான ஒரு சுற்றுப் பலகையைக் கண்டெடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அவர் என்ன செய்தல் வேண்டும்?

முதலாவது விதி, செய்யாதிருத்தல். எந்தக் கணினியிலும் அதனைச் செருகி மின்னைச் செலுத்திப் பார்த்தல் ஆகாது. ஸ்பெக்ட்ரம் கணினியின் பின்புறத்திலே 5 உவோற்று மின்னும் 9 உவோற்று மின்னும் அடுத்தடுத்த கீற்றுகளிலே நிற்கின்றன. செருகப்படும் பலகை ஒரு கீற்றளவு விலகி நின்றாலும், 5 உவோற்றுக்குப் பழகிய உறுப்பிலே 9 உவோற்றுப் பாய்ந்துவிடும். பலகையும் கெடும், நாற்பது ஆண்டு பிழைத்திருந்த கணினியும் கெடும். நோயாளியின் நாடியைப் பிடிக்குமுன் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் மெச்சுவதில்லை அல்லவா?

இரண்டாவது, விளிம்பை எண்ணுதல். பெரும்பாலான இடைமுகங்களிலே, கணினியோடு பொருந்தும் பக்கத்திற் கீற்றுகள் வரிசையாக அமைந்திருக்கும். அல்லது அத்தகைய கீற்றுகளைக் கவ்விப் பிடிக்கும் வாய் இருக்கும். ஒரு பக்கத்தில் எத்தனை, எங்கே வெட்டு உளது என்று பார்த்தல் வேண்டும். பக்கத்துக்கு 23 இடமும், மூன்றாமிடத்திலே வெட்டும் இருப்பின் அஃது இசட்.எக்ஸ். 81 கணினிக்கு உரியது. பக்கத்துக்கு 28 இடமும், ஐந்தாமிடத்திலே வெட்டும் இருப்பின் ஸ்பெக்ட்ரத்துக்கு உரியது. பக்கத்துக்கு 25 வீதம் 50 கீற்றுகள் இருப்பின் அப்பிள் 2 கணினியை நினைக்கலாம். ஆயினும் எம்.எஸ்.எக்ஸ். என்னும் வகைக் கணினிகளின் பேழைக்கும் கீற்று 50 ஆதலின், எண் ஒன்றையே நம்பி அமைதல் கூடாது.

எண்ணுதல் மட்டும் போதாது என்பதற்கு வேறோர் உதாரணம் கூறுவேன். கொமடோர் கம்பனியின் விக்-20 கணினிக்கும் கொமடோர் 64 கணினிக்கும் விரிவுவாயிலே கீற்று 44 தான். இரண்டும் ஒரே கம்பனியின் ஆக்கங்கள். அப்படியிருந்தும் ஒன்றினது மற்றொன்றிற் பொருந்தாது. கொமடோர் 64இல் ஒரு கீற்றின் நடுவிலிருந்து அடுத்த கீற்றின் நடுவுக்கு 2.54 மில்லிமீற்றர், விக்-20இல் 3.96 மில்லிமீற்றர். மாணவர் கைப்பெட்டியிலுள்ள அடிமட்டமே இந்த வழக்கைத் தீர்த்துவிடும். பத்துக் கீற்றுகளைச் சேர்த்தளந்து வகுத்தால் பிழை குறையும்.

அடிமட்டமும் தீர்க்காத வழக்கும் உண்டு. பி.பி.சி. மைக்ரோவின் அடிப்புறத்திலே ஐந்து இணைப்பு வாய்கள் வரிசையாக உள்ளன. தட்டு இயக்கிக்கு 34 ஊசி, அச்சுப்பொறிக்கு 26, பாவனையாளர் வாய்க்கு 20, ஒரு மெகாஹேட்ஸ் பாதைக்கு 34, இரண்டாம் செயலிக்கு 40. முதலாவதும் நான்காவதும் எண்ணிலே ஒன்று, அளவிலே ஒன்று, தொழிலிலோ வேறு. பி.பி.சி. மைக்ரோவுக்கு உரியதென்று தெரிந்த ஒரு பெட்டியின் நாடாவிலே 34 துளை இருப்பின், அஃது எந்த வாய்க்கு உரியது என்பதை வெளியுருவம் சொல்லாது. பெட்டியின் உள்ளே பார்த்தல் வேண்டும்.

ஆகவே, மூன்றாவதாகச் செய்யவேண்டுவது உள்ளுறுப்புகளின் பெயரைப் படித்தல். பலகையின்மேற் பூரான் போலக் கால்கள் பரப்பிக் கிடக்கும் கறுப்புத் துண்டுகளைத் தமிழிலே சில்லு என்கின்றனர். நம் ஊரிலே சில்லு என்றால் சைக்கிள் சில்லே நினைவுக்கு வரும். இது வேறு சில்லு. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6522 என்றிருப்பின், 6502 என்னும் செயலியையும் அதன் இனத்தையும் உடைய கணினிகளை நினைக்கலாம், பி.பி.சி. மைக்ரோ அவற்றுள் ஒன்று. 8255 என்றிருப்பின், வெளியுலகோடு பேசுதற்கு 24 தடங்களைத் தரும் சில்லு அது. 6850 என்றிருப்பின், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றைக் கம்பியில் அனுப்பும் கருவி. மோடமாகவோ அச்சுப்பொறி இடைமுகமாகவோ இருத்தல் கூடும். ஏ.வை.-3-8912 என்றிருப்பின், இசையொலி எழுப்பும் பலகை என்று அறியலாம்.

சில்லிலே பெரும்பாலும் நான்கு இலக்கமுள்ள மற்றோர் எண்ணும் இருக்கும். அது பிறந்த வாரத்தைக் கூறுவது. 8342 என்பது 1983ஆம் ஆண்டின் 42ஆவது வாரம். பலகையிலுள்ள சில்லுகளுள் எது இளையதோ, அதற்குப் பின்னரே பலகை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். நாணயவியலார் ஒரு புதையலுக்குக் காலம் கணிக்கும் முறையும் இதுவே. ஆயினும் ஒரு பொறி உண்டு. 7432 என்பது 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரமாகவும் இருக்கலாம். 7432 என்னும் பெயருடைய மிகச் சாதாரணமான ஒரு சில்லாகவும் இருக்கலாம். மற்றைச் சில்லுகளெல்லாம் 1983 என்று கூற, ஒன்று மட்டும் 1974 என்று கூறுமாயின், அது வயதையன்று, தன் பெயரையே கூறுகின்றது என்று கொள்க.

நான்காவதாக, வெளிமுகத்தைப் பார்த்தல். 9 ஊசி கொண்ட சிறு வாய் விளையாட்டுப் பிடிக்கு உரியதாதல் பெரும்பான்மை. 36 தொடுகைகளையுடைய அகன்ற வாய் அச்சுப்பொறிக்கு உரியது. வட்டமான வாய் ஒலிநாடாப் பெட்டிக்கோ திரைக்கோ வலையமைப்புக்கோ உரியதாகலாம்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் ஐயம் நீங்காத இடத்திலேதான் ஆராய்ச்சியின் சுவை தொடங்குகின்றது. ஸ்பெக்ட்ரம் கணினிக்குரிய பலகை; 9 ஊசி வாய் ஒன்று; சிறு சில்லுகள் இரண்டு மூன்று. விளையாட்டுப் பிடி இடைமுகம் என்பது தெளிவு. ஆனால் எந்த வகை? கெம்ப்ஸ்ரன் என்னும் வகை உண்டு. சிங்கிளேயர் கம்பனியின் சொந்த வகை உண்டு. விசைப்பலகையின் அம்புக்குறிச் சாவிகளைப் போல நடிக்கும் வகையும் உண்டு. வெளித்தோற்றம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு வகைக்கென எழுதப்பட்ட விளையாட்டு மற்ற வகையோடு பேசாது.

இங்கே பன்மானியை எடுத்தல் வேண்டும். மின்கலத்தின் சிறு மின்னைக் கொண்டு, ஒரு புள்ளியிலிருந்து மற்றப் புள்ளிக்குத் தொடர்பு உண்டா என்று கூறும் கருவி அது. வானொலி திருத்துவோர் எல்லாரிடமும் இருப்பது. கணினியின் 16 முகவரித் தடங்களுள் எது பலகையிலுள்ள சில்லுக்குச் செல்கின்றது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பூச்சியத்திலிருந்து எண்ணும் வழக்கப்படி ஏ0 என்னும் தடத்தை அது கவனிக்குமாயின், விசைப்பலகையைப் போல நடிக்கும் வகை. ஏ5 என்னும் தடத்தைக் கவனிக்குமாயின், பெரும்பாலும் கெம்ப்ஸ்ரன்.

இந்நிலையிலே ஊகம் முடிந்து, சோதனைக்கு உரிமை பிறக்கின்றது. மின்னை நிறுத்தி, வெட்டுக்கு வெட்டுப் பொருந்தச் செருகி, பின்னர் மின்னைச் செலுத்தி, 31ஆம் வாயிலிலே என்ன எண் நிற்கின்றது என்று காட்டுமாறு பேசிக் மொழியிலே ஒரே கட்டளை கொடுக்கலாம். பிடியை வலப்பக்கம் சாய்த்தால் 1, இடப்பக்கம் சாய்த்தால் 2, கீழே 4, மேலே 8, பொத்தானை அழுத்தினால் 16 என்று எண் மாறுமாயின், அதன் பெயர் கெம்ப்ஸ்ரன் என்பதில் ஐயமில்லை. தகட்டிலே பெயர் எழுதப்படாவிட்டாலும், நடத்தையிலே எழுதப்பட்டிருந்தது.

ஐந்தாவதாகச் சொல்லவேண்டியது ஓர் எச்சரிக்கை. சில பலகைகளிலே, முதுகிற் கண்ணாடிச் சாளரம் உடைய சில்லு ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கும். அடியிலுள்ள எண்ணைப் படிக்கலாமே என்று அந்தக் காகிதத்தை உரித்தல் கூடாது. அது நினைவகச் சில்லு. கருவியை இயக்கும் கட்டளைகள் அதனுள்ளே நுண்ணிய மின்னேற்றமாகச் சேமிக்கப்பட்டுள்ளன. புறவூதா ஒளி அவற்றை அழிப்பது. சாளரம் திறந்த சில்லு, குழல்விளக்கின் ஒளியிலே ஏறத்தாழ மூன்றாண்டில் அழியலாம். நேர் வெயிலிலோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழியலாம். யாழ்ப்பாணத்து வெயிலை நான் உங்களுக்கு வருணிக்கவேண்டுவதில்லை. பழம்பொருளைத் துடைத்து முற்றத்திலே காயவைக்கும் நம் நல்வழக்கம், இந்த ஒரு பொருளுக்கு நஞ்சாகும்.

அந்தக் காகிதம் இருந்தால் இருக்கட்டும். இல்லையேல் கறுப்பு ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிடுக. பின்னர் அதற்குரிய வாசிப்பானைக் கொண்டு உள்ளடக்கத்தைப் படித்துப் பிரதி எடுத்தல் வேண்டும். அதனுள்ளே பல வேளைகளிலே ஆக்கியோன் பெயரும் ஆண்டும் ஆங்கில எழுத்திலே தெளிவாக நிற்கும். பெட்டியின் வெளியே இழந்த பெயர் வயிற்றினுள்ளே கிடக்கும். வெளிச்சம் படாவிட்டாலும் அந்த மின்னேற்றம் நித்தியமன்று. ஆண்டு பல செல்லச் செல்லக் கசிந்துபோவது. ஆகையால், நாளை பார்க்கலாம் என்று விடுவதற்கு இஃது உரிய காரியமன்று.

நேயர்களே, இந்த முறையை வேறெங்கோ கேட்டதாகத் தோன்றவில்லையா? 1980ஆம் ஆண்டளவிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வாய்விலே, பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றிலிருந்து சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் இரு வரிகள். ஒரு வரியிலே பொருள் துணியப்படாத குறியீடுகள். மற்ற வரியிலே பிராமி எழுத்துகள். பிராமி வரியை அறிஞர் கோவேத என்று வாசித்தனர். தெரிந்த வரி ஒன்று அருகில் நின்றமையாலேயே, தெரியாத வரியைப் பற்றிச் சிந்திக்கவும் இயன்றது. பெயரழிந்த சுற்றுப் பலகையிலும் நடப்பது இதுவே. விளிம்பின் எண்ணும் சில்லின் பெயரும் தெரிந்த வரி. கருவியின் நோக்கம் தெரியாத வரி. முன்னதைக் கொண்டு பின்னதை அணுகுகின்றோம்.

அவ்வாறு அணுகுவோர்க்கு ஒரு நேர்மை வேண்டும். கண்டது வேறு, கருதியது வேறு. விளிம்பிலே 28 இடம் என்பது கண்டது. ஸ்பெக்ட்ரத்துக்குரியது என்பது துணிந்தது. 1984இல் ஒரு சிறு கம்பனி செய்ததாகலாம் என்பது கருதியது. இம்மூன்றையும் ஒரே மையால் எழுதிவைத்தால், அடுத்து வருபவர் நம் ஊகத்தை உண்மை என்று நம்பிவிடுவர். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், பாடத்தைத் துணிவதிலே எத்துணை இடர்ப்பட்டனர் என்பதை அறிந்தோர், சான்றினையும் ஊகத்தினையும் பிரித்து வைப்பதன் அருமையையும் அறிவர்.

நிற்க. இத்துணை முயற்சி எதற்கு, பழைய பெட்டி ஒன்றின் பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு இரண்டு விடைகள் கூறுவேன்.

முதல் விடை: இடைமுகம் இறந்தால், அதன் வழியாக மட்டுமே பேசக்கூடிய பொருள்களும் ஊமையாகும். அக்காலக் கணினிகளிற் பல தம் நினைவை ஒலிநாடாவிலே பதித்துவைத்தன. பாட்டுக் கேட்கும் அதே கசற்றுத்தான். வானொலிப் பெட்டியிலே போட்டால் காதைத் துளைக்கும் இரைச்சலாகக் கேட்கும். கெட்டுப்போன நாடா என்று கருதி, அதன்மேற் பாட்டைப் பதிந்தோர் பலர் இருப்பர். அந்த இரைச்சல் ஒருவர் எழுதிய கணக்காகவோ கடிதமாகவோ இருந்திருக்கலாம். ஒல்லாந்து நாட்டு வானொலி, 1980களிலே பேசிகோட் என்னும் முறையில், கணினிக்கான கட்டளைத் தொகுதிகளை அந்த இரைச்சலாகவே வானலையிலே ஒலிபரப்பிற்று. நேயர்கள் அதனைக் கசற்றிலே பதிந்து தம் கணினிக்கு ஊட்டினர். பி.பி.சி. வானொலியும் அவ்வாறு செய்ததுண்டு. வானொலியே கணினிக்குப் பால் வார்த்த காலம் அது. அந்த நாடாவை இன்று பேசவைப்பதற்கு நடுவே நிற்கும் துவிபாஷி வேண்டும்.

இரண்டாவது விடை நமக்கே உரியது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர், மின்சாரமும் இன்றி, மின்கலமும் கிடைத்தற்கரிதாக இருந்த காலத்திலே, நாம் எவ்வாறு செய்தி கேட்டோம்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலே பிறந்த மின்னை வானொலிப் பெட்டிக்கு ஊட்டினோம். ஒருவர் சுற்றுவார், பத்துப் பேர் கேட்பர். சுற்றுபவர் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் குரலும் தளரும். டைனமோ தருவது திசைமாறி ஓடும் ஆடலோட்டம். வானொலி வேண்டுவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இரண்டுக்கும் நடுவே இருவாயிகள் நான்கையும் கொள்ளளவி ஒன்றையும் ஒரு பலகைத் துண்டிலே பொருத்தி, ஓட்டத்தைத் திருத்திக் கொடுத்தனர் நம் ஊர் வானொலி திருத்துநர்.

நேயர்களே, அந்தப் பலகைத் துண்டும் ஓர் இடைமுகமே. அதற்குக் கம்பனிப் பெயர் இல்லை, இலக்கம் இல்லை, விளக்க நூல் இல்லை, எந்தச் சஞ்சிகையிலும் விளம்பரம் இல்லை. இலண்டனிலே ஒருவர் பெயரற்ற ஸ்பெக்ட்ரம் பலகையைப் படம் பிடித்து நண்பர்களிடம் வினவினால், அறிந்தவர் ஒருவரேனும் விடை கூறுவர். நம் பரணிலே கிடக்கும் டைனமோப் பலகையை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை கண்டெடுத்தால், அவன் யாரிடம் வினவுவான்? நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் என்று அவன் கண்டு சொல்லுவான். நேரோட்டம் ஆக்கும் கருவி என்று துணிந்தும் சொல்லுவான். அஃது எந்தச் சைக்கிளிலே, எந்த இரவிலே, எத்துணை பேர் காத்திருக்கச் சுழன்றது என்பதை எந்தப் பன்மானி கொண்டு அளப்பான்?

ஆகையால், அயல்நாட்டார் செய்த பெட்டிகளை இனங்காணும் கலையைக் கற்பது, நம் கைகள் செய்தவற்றைக் காக்கும் கலையையும் கற்பதாகும். நம் பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. மாணவர் முடிந்த பொருளைப் பயன்படுத்தக் கற்கின்றனர், நல்லதே. அவர் கையிலே ஒருமுறையேனும் பெயரற்ற பலகை ஒன்றைக் கொடுத்து, இஃது என்னவென்று எழுதிவா என்று விடுதல் வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அடிமட்டம், கைவில்லை, பன்மானி, தாள், பென்சில் ஆகியவை போதும். விஞ்ஞான மாணவன் சுற்றைத் தடம்பிடிப்பான். வரலாற்று மாணவி காலத்தைக் கணிப்பாள். தமிழ் மாணவன் கண்டதைக் கண்டவாறு எழுதக் கற்பான். பிரித்துக் கற்பித்த பாடங்கள் ஒரு மேசையிலே கூடும்.

இல்லத்திலுள்ளோருக்கும் சில வார்த்தை. பரணைத் துப்புரவு செய்யும்போது, அறியாத மின்பொருளை உடனே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். பெட்டியையும் அதனோடு கிடந்த கம்பியையும் நாடாவையும் தாளையும் பிரிக்காமல் ஒரே பையிலே இடுங்கள். இருபுறமும் தெளிவாகத் தெரியுமாறு, பக்கத்திலே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யாருடையது, யார் கொணர்ந்தது, என்ன செய்தார் என்பதை அறிந்த முதியவர் ஒருவர் வீட்டிலே இருப்பாராயின், இன்றே அவர் அருகில் அமர்ந்து கேட்டு, ஒரு தாளிலே எழுதிப் பெட்டியோடு வையுங்கள். கீற்றை எண்ணலாம், சில்லைப் படிக்கலாம், தடத்தைத் தொடரலாம். அந்த முதியவர் சொல்வதை வேறெந்த வழியாலும் பெற முடியாது.